அட்டைக்கு ஒரு வாக்கியம்

“குழைஞ்சு போச்சுன்னா இப்ப என்ன, குடியா முழுகிட்டு? தயிரை ஊத்திப் பிசைஞ்சிரு.”

முன் சீட்டு அம்மா போனில் சொன்னது உங்களுக்கும் கேட்டதுதானே? பஸ் முழுக்கக் கேட்டது. நானும் கேட்டுச் சிரித்தேன் என்று நினைத்துத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள். என் கை பைக்குள் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது. பழக்கதோஷம்.

மடியில் இருக்கிற இதுவா? செருப்புப் பெட்டிதான். ஆனால் உள்ளே செருப்பு இல்லை, அட்டைகள். இருநூற்றுப் பதினேழு அட்டைகள், எல்லாவற்றிலும் ஒரே சொல். இப்போது அந்த அம்மா சொன்னாரே, அதே சொல். குழை. குழைகிறது, குழைந்தது, குழைந்துபோயிற்று. பாளையங்கோட்டையில் எங்கள் மேடத்திடம் இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. ஒரே ஒரு அட்டையில் மட்டும் என் கையெழுத்தோடு இன்னொரு கையெழுத்தும் இருக்கிறது. மேடம் பார்த்ததும் கேட்பார்கள். “அடித்தல் திருத்தல் கூடாதுன்னு சொன்னேனேம்மா” என்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தென்காசியில் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டு வருகிறேன்.

நீங்கள் எங்கே இறங்க வேண்டும்? ஆலங்குளமா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. உங்களை அக்கா என்று கூப்பிடலாமா என்று யோசித்தேன். வேண்டாம். எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள்.

நான் பேசுவது புத்தகம் வாசிப்பது மாதிரி இருக்கிறதா? நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் முகம் சொல்கிறது. ஹாஸ்டலில் எனக்கு ‘செய்திகள்’ என்று பெயர். “செய்திகள் வந்துட்டா, எல்லாரும் எந்திரிங்க” என்பார்கள். எனக்குக் கூச்சம் வந்தால் எழுத்துத் தமிழ் வந்துவிடும். தெரியாதவர்களிடம் முழுக்க இப்படித்தான். வீட்டில்கூட, கொஞ்சம் பதறினால் போதும், வாயில் ‘ஆமா’ வராது, ‘ஆம்’ என்றுதான் வரும். அப்பா கேலி செய்வார். “ஏளா உலகு, கோர்ட்ல சாட்சி சொல்லுத மாதிரி என்ன அது, ஆம்? ஆமான்னு சொன்னா நாக்கு சுளுக்கிருமா?” என்பார். எங்கள் வீட்டில் அது பெரிய வேடிக்கை. விருந்தாளி வந்தால் அப்பா வேண்டுமென்றே என்னை ஏதாவது கேட்டு ஆம் சொல்ல வைப்பார்.

உலகு என்றால் உலகம்மாள். எங்கள் ஊர்க் கோயில் அம்மன் பெயர், தென்காசிக்காரி என்று பெயரிலேயே தெரியும். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். எங்கள் துறைத் தலைவர் ஜெபக்கனி மேடம் ஒருநாள் கூப்பிட்டார்கள். பேச்சு வழக்குக்கு ஒரு அகராதி தயாரிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு வினைச்சொல். ஊரில் ஜனங்கள் அந்தச் சொல்லை எப்படி எல்லாம் பேசுகிறார்களோ அப்படியே அட்டையில் எழுத வேண்டும். சொன்னவர் பெயர், வயது, ஊர், தேதி. கீழே, பொருள். அவ்வளவுதான். “நீ வாயே திறக்க மாட்டியேம்மா, அதான் உன்னைப் போட்டேன். பேசுறவங்களால இந்த வேலை ஆகாது. கேக்குறவங்கதான் வேணும்” என்றார்கள். என் வாழ்க்கையில் என் கூச்சத்தை ஒருவர் தகுதி என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டே விதிகள். ஒன்று, பேசுகிறவரைக் குறுக்கே கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அவர்கள் நமக்காகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், வழக்கு கெட்டுவிடும். இரண்டு, அட்டைக்கு ஒரு வாக்கியம். சொல் எந்த வாக்கியத்தில் வருகிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். முன்னே பின்னே இருப்பது கதை. “கதை நமக்கு வேண்டாம்மா, வழக்குதான் வேணும்.”

நான் இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன். யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

நீங்கள் நினைக்கலாம், குழை என்ற சொல்லில் என்ன இருக்கிறது, சோறு குழையும், வேறென்ன என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது இல்லாத இடமே இல்லை. பருப்பு குழைகிறது. களிமண் குழைகிறது. வெயிலில் பறித்துவைத்த கீரை குழைந்து கிடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் சொன்னார், “கலவை குழைஞ்சு வந்தாத்தான் சுவரு நிக்கும்.” நாய் வாலைக் குழைக்கிறது. பேரப்பிள்ளையைக் கண்டால் மனசு குழைகிறது. காரியம் ஆக வேண்டும் என்றால் குரல் குழைகிறது. ஒரு பொருள் தன் வடிவத்தை விட்டுக்கொடுக்கிறது, அதுதான் எல்லாவற்றிலும் அடிப்படை. சில இடத்தில் அது நல்லது, சில இடத்தில் கெட்டது. கலவை குழைந்தால் நல்லது. சோறு குழைந்தால் கெட்டது. எது விட்டுக்கொடுக்கிறது, யாருக்கு விட்டுக்கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. இதை நான் குறிப்பாக எழுதிக்கொடுத்தேன். மேடம் அதன் பக்கத்தில் ‘அருமை’ என்று எழுதியிருந்தார்கள். இதோ, பெட்டி மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கிறேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வந்தேன். பேச்சியம்மாள் என்று பெயர், எங்கள் குலசாமி பெயர். பெயருக்கு ஏற்றபடி பேச்சு. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே பேசிவிடுவாள். கடைக்குப் போனால் நான் கைகட்டி நிற்பேன், அவள் “அண்ணாச்சி, தங்கச்சிக்குச் சீப்பு வேணுமாம், பல்லு போகாத சீப்பா குடுங்க” என்பாள். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்து மூன்று வருடம் ஆகிறது. அத்தானுக்கு அங்கே பெயிண்ட் கடை. பொன்னுத்துரை என்று பெயர். மெதுவாகப் பேசுவார். பெண் பார்க்க வந்தபோது அம்மாவுக்குப் பிடித்ததே அந்த மெதுவான பேச்சுதான்.

அக்கா வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போன் செய்வாள். அந்த நேரத்தில் அவள் மாமியார் கோயிலுக்குப் போய்விடுவார். அரைமணி நேரம் கிடைக்கும். எனக்கு இந்த வேலை வந்ததும் அவளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். “குழையிறதுக்கு ஒரு எம்.ஏ.வாட்டி? எங்க வீட்டுக்கு வா, தினம் நாலு தடவ அந்த வார்த்தைதான். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கோ. கோவில்பட்டி பேச்சியம்மாள்னு பேரு போடணும், ஆமா.” அப்படித்தான் ஆரம்பித்தது. தோளில் போன், முழங்காலில் அட்டை.

முதல் அட்டை. ஜூன் மாதம். “மாமாவுக்குப் பல்லு இல்ல, சோறு குழையணும், அத்தைக்கு முல்லைப்பூ மாதிரி உதிரணும், பானை ஒண்ணுதாம்ட்டி.” பேச்சியம்மாள், இருபத்தொன்பது, கோவில்பட்டி. பொருள், அளவுக்கு மேல் வேகுதல். சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

இரண்டாவது வாரம். “சோறு குழைஞ்சு போச்சுன்னு தட்டத்த அப்படியே தள்ளிட்டாவ.” அதே பொருள். மூன்றாவது வாரம், “குழைஞ்சு போனது பூராத்தையும் நான்தான் திங்கணுமாம்.” அதே பொருள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். ஒரே ஆள் ஒரே பொருளில் சொன்னதில் ஐந்து அட்டைக்கு மேல் மேடம் ஏற்க மாட்டார்கள். ஆனால் குறுக்கே கேட்கக் கூடாது இல்லையா. ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தேன். அவள் பேசிக்கொண்டே போவாள். அதற்கு முன்னும் பின்னும் நிறையச் சொல்லியிருப்பாள். என்ன சொன்னாள் என்று கேட்டால் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. அட்டையில் இல்லை.

ஆகஸ்டில் ஒரு நல்ல வாக்கியம் கிடைத்தது. “கை குழையுதுட்டி, டம்ளரப் பிடிக்க முடியல.” இது உறுப்பு சம்பந்தப்பட்ட பொருள், ஆறாவது. அதுவரை இந்தப் பொருளுக்கு எனக்கு ஒரே ஒரு அட்டைதான் இருந்தது, அதுவும் பீடி சுற்றுகிற ஒரு பெரியவர் சொன்னது. நான் ‘சோர்வால் உறுப்பு தளர்தல்’ என்று எழுதினேன். சோர்வு என்று நானாகத்தான் போட்டேன். வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். வேறு எதுவாக இருக்க முடியும்?

இல்லை, போய்ப் பார்க்கவில்லை. பார்க்கப் போக வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மாதாமாதம் இத்தனை அட்டை என்று மேடத்துக்குக் கணக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதுவும் தவிர, அந்த வீட்டில் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நான் போனால் என்ன பேசுவது? எனக்குத் தெரியாதவர்கள் முன்னால் சாப்பிட வராது.

பாவூர்சத்திரம் வந்துவிட்டதா? சரி. இனிமேல்தான் முக்கியமானது. செப்டம்பர் மாதம், பதிமூன்றாம் தேதி. அந்தத் தேதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அட்டையில் இருக்கிறது. அக்கா அன்றைக்கு மிகவும் மெதுவாகப் பேசினாள். ஏதோ ரகசியம் பேசுவது மாதிரி. அவள் சொன்ன வாக்கியம் இது: “தண்ணிக் கேன் போடுத அண்ணன்கிட்ட நான் குழைஞ்சு பேசுனேனாம்.”

புரிகிறதுதானே? பேசுனேனாம். அவள் பேசவில்லை. பேசினாள் என்று அத்தான் சொல்கிறாராம். அந்த ‘ஆம்’ இருக்கிறதே, அது அடுத்தவர் வாய்ச் சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிற ‘ஆம்’. வந்தானாம், போனானாம் என்கிறோமே, அது. இந்தப் பழியை என் தலையில் போடுகிறார்கள், நான் அப்படி இல்லை என்று ஒரு எழுத்தில் சொல்லிவிடலாம். தமிழில் எத்தனை பெரிய வசதி பாருங்கள்.

அட்டை அகலம் குறைவு, அன்றைக்குக் கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுதிவிட்டேன். கடைசியில் இடம் இல்லை. ‘பேசுனேன்’ என்பதோடு வரி முடிந்துவிட்டது. அடுத்த வரிக்குப் போனால் பெயர் எழுதும் கட்டத்தில் இடிக்கும். ‘ஆம்’ நம் சொல்லுக்குச் சம்பந்தமில்லாத இடைச்சொல்தானே, குழை என்ற வினையின் பொருளை அது மாற்றவில்லையே என்று யோசித்தேன். யோசித்துத்தான் விட்டேன், கவனக்குறைவு இல்லை. இருநூற்றுப் பதினேழு அட்டையில் அந்த ஒன்றில்தான் கேட்டதைக் கேட்டபடி எழுதவில்லை. ‘தண்ணிக் கேன் போடுத அண்ணன்கிட்ட நான் குழைஞ்சு பேசுனேன்.’ பேச்சியம்மாள், இருபத்தொன்பது, கோவில்பட்டி, 13 செப்டம்பர். பொருள், நயந்து பேசுதல்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தது. அன்றைக்கு அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது, ஏனென்றால் அவள் பேசாவிட்டால் எங்கள் இரண்டு பேரில் யாரும் பேச மாட்டோம். பிறகு சொன்னாள். “ஏட்டி உலகு, நான் குழைஞ்சு போயிட்டேன்.”

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆள் குழைவதா! சோறு இல்லை, கை இல்லை, குரல் இல்லை. ஆளே எழுவாய். நான் தேடின எந்தப் பழைய அகராதியிலும் இல்லை, யாரும் கேட்டதில்லை. ஏழாவது பொருள். அட்டையைத் தேடினேன், பேனா எழுதவில்லை, உதறினேன். “திரும்பச் சொல்லுக்கா” என்றேன். “அக்கா, இப்ப சொன்னியே, அதத் திரும்பச் சொல்லு, சரியா எழுதணும்” என்றேன். திரும்பச் சொன்னாள். நான் குழைஞ்சு போயிட்டேன். அதே மாதிரி, ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். நான் எழுதி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தாள். “எழுதிட்டியா?” என்று கேட்டாள். எழுதிவிட்டேன் என்றேன். “சரி” என்று வைத்துவிட்டாள்.

நான் அனுப்பிய பொருள் பட்டியலில் ஏழாவதை மேடம் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறார்கள். அச்சில் வரும்போது அது தனியாக வரும். பொருள் என்ன என்று இன்னும் முடிவாகவில்லை. நான் ‘மனம் சோர்தல்’ என்று போட்டேன். மேடம் கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் ஏன் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டீர்கள்? பரவாயில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் போனுக்கு அடுத்த வாரம் வியாழக்கிழமை அக்கா வந்துவிட்டாள். ஒரே ஒரு கட்டைப் பை. அம்மா வாசலில் நின்று தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். “தனியாவா வந்த? மாப்பிள்ளை வண்டிய நிறுத்துதாவளா?” அக்கா உள்ளே போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள்தான். அம்மா சோறு போட்டாள். அம்மா சோறு எப்போதும் உதிரி உதிரியாக இருக்கும். அக்கா அதை விரலால் பிசைந்தாள், பிசைந்துகொண்டே இருந்தாள், ஒரு பருக்கைகூட முழுசாகத் தெரியாத அளவுக்குப் பிசைந்துவிட்டு, அப்புறம்தான் வாயில் வைத்தாள். அப்போது அவளுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தேன். கொஞ்சம் கோணலாக இருந்தது. எலும்பு விலகி, அப்படியே கூடிப்போனது மாதிரி. அவளுக்கு எவ்வளவு அழகான கை தெரியுமா, நான் மருதாணி வைத்துவிட்ட கை. நான் ஒன்றும் கேட்கவில்லை. வலிக்கும்போது கேட்கக் கூடாது என்று நினைத்தேன்.

அம்மா அன்றிரவே என்னிடம் அடுப்படியில் சொன்னாள். “ஞாயித்துக்கிழம ஒன்னயப் பாக்க ஆலங்குளத்துலருந்து வாராவ. இவ இப்படி வந்து இருந்தா என்னன்னு கேக்க மாட்டாவளா? ரெண்டு நாள்ல போயிருவால்லா?” ஆமாம், உங்கள் ஊர்தான். அவர்கள் பெயர் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கும். நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்காக அக்கா போய்விட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. பிறகு அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பெண் பேசவே மாட்டேன் என்கிறாளே என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

சனிக்கிழமை காலையில் அத்தானும் அவர் அம்மாவும் வாடகைக் காரில் வந்தார்கள். ஆப்பிள், சாத்துக்குடி, அல்வா. எங்கள் தெருநாய் யாரைக் கண்டாலும் குரைக்கும். அது அத்தானைக் கண்டதும் வாலைக் குழைத்துக்கொண்டு போய்க் காலை மோந்தது. எனக்கு அப்போதும் அட்டை எண்தான் நினைவுக்கு வந்தது. அத்தான் அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்து, “அத்தை, நீங்க வளத்த பிள்ளைய நான் ஒரு சொல்லு சொல்லுவேனா? அவளுக்கு உடம்புக்கு முடியல. மனசு ஒரு நிலையில இல்ல. நான்தான பாத்துக்கிடணும்?” என்றார். குரல் அப்படியே குழைந்தது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்பா நல்லவர். அதையும் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்தவர், எதையும் இரண்டு பக்கமும் கேட்டுத்தான் முடிவு செய்வார். “இருங்க மாப்பிள்ள” என்றார். அக்காவைக் கூப்பிட்டு எல்லோருக்கும் எதிரே நிறுத்தி, “ஏம்மா, ஒனக்கு அங்க என்ன குறை? வாயத் தொறந்து சொல்லு. நாயமா இருந்தா நீ போக வேண்டாம். நான் சொல்லுதேன்” என்றார். இதை அவர் எல்லோர் முன்னாலும் சொன்னார். ஒரு வார்த்தை சரியாகச் சொல்லியிருந்தால் போதும். அக்கா இன்றைக்கு எங்கள் வீட்டில் இருப்பாள்.

அக்கா வாயைத் திறந்தாள். வரவில்லை. சத்தியமாக வரவில்லை. அண்ணாச்சியிடம் சீப்பு கேட்டவள், தெரு முழுக்கக் கேட்கப் பேசியவள், அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “உலகு சொல்லுவாப்பா” என்றாள். “அவகிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். வாரா வாரம் சொன்னேன். அவ தேதி போட்டு எழுதி வச்சிருக்கா.”

அவள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அரைமணி நேரம் சொன்னது எல்லாவற்றையும் நான் எழுதினேன் என்று.

நான் போய் இந்தப் பெட்டியை எடுத்து வந்தேன். கோவில்பட்டி அட்டைகளைத் தனியாக எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, நின்றுகொண்டே வாசித்தேன். முதல் அட்டை. சோறு குழையணும், பூ மாதிரி உதிரணும். அத்தானின் அம்மா சிரித்துவிட்டார். “எங்க மருமக வாய்க்குக் கேக்கணுமா?” அப்பாவும் சிரித்தார். இரண்டாவது, சோறு. மூன்றாவது, சோறு. நான்காவது, பருப்பு. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். “ஏளா, பூரா சோறும் பருப்புமால்லா இருக்கு? சோறு குழைஞ்சதுக்கா ஒரு பொம்பள வீட்ட விட்டு வருவா?” அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு அட்டை, வேறு அட்டை என்று தேடினேன். கை குழையுது என்பதை வாசித்தேன். “அதான் மாமா, உடம்புக்கு முடியலன்னேன்” என்றார் அத்தான். இன்னும் பலமாக ஏதாவது இருக்க வேண்டுமே, அவர் பழி சொன்னது இருக்கிறதே, அதை வாசித்தால் அப்பாவுக்குப் புரிந்துவிடும் என்று நினைத்தேன். எடுத்தேன். எழுதியிருந்தபடி வாசித்துவிட்டேன்.

“தண்ணிக் கேன் போடுத அண்ணன்கிட்ட நான் குழைஞ்சு பேசுனேன்.”

யாரும் சிரிக்கவில்லை.

அத்தான் கையை நீட்டி அட்டையை வாங்கினார். மெதுவாகத்தான் வாங்கினார். பார்த்துவிட்டு அப்பாவிடம் கொடுத்தார். “பேரு, ஊரு, தேதி எல்லாம் போட்டிருக்கு மாமா. நான் இத உங்ககிட்டச் சொல்லவேண்டாம்னுதான் இருந்தேன். அவளே சொல்லியிருக்கா.” அப்பா ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் முகம் எனக்குத் தெரிந்த முகமாக இல்லை. “உலகு” என்றார், “இது ஒங்க அக்கா சொன்னதா?”

எனக்கு எழுத்துத் தமிழ் வந்துவிட்டது. பேசுனேன் இல்லை அப்பா, பேசுனேனாம், கடைசியில் ஆம் இருந்தது, இடம் இல்லாமல் நான்தான் விட்டுவிட்டேன், விட்டுப்போனது ஆம் என்று சொல்ல வேண்டும். இத்தனையும் உள்ளே வரிசையாக இருக்கிறது. தொண்டையிலிருந்து முதலில் வந்தது கடைசிச் சொல்.

“ஆம்” என்றேன்.

“சரியாச் சொல்லு. அவ வாயால சொன்னதுதானா?”

“ஆம்... ஆம்...” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அழுகை வந்துவிட்டது. அப்பா இந்தத் தடவை என்னைக் கேலி செய்யவில்லை.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “பரவால்ல மாமா, நான் மறந்துட்டேன். என் வீட்டுப் பொம்பள, நான் கூட்டிட்டுப் போறேன்” என்றார் அத்தான். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஒங்க பெரிய மனசு” என்றார். நான் பிறகு சொல்லவில்லையா என்கிறீர்களா? சொன்னேன். சாயந்திரம் அழுகை நின்றதும் அப்பாவிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், இடைச்சொல், பிறர் கூற்று, எல்லாம் விளக்கமாக. படித்துவிட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் கார் போய் ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நான்தான் போன் செய்கிறேன். அத்தான் எடுக்கிறார். “நல்லா இருக்கா, தூங்குதா” என்கிறார். நாலு மாதம் ஆகிறது. விதிப்படிதானே எல்லாம் செய்தேன்? அந்த ஒரு எழுத்துதான். அட்டை கொஞ்சம் அகலமாக இருந்திருந்தால் போதும். மேடத்திடம் இதைச் சொல்ல வேண்டும், அடுத்த தடவை அட்டையை அகலமாக அடிக்கச் சொல்ல வேண்டும்.

எழுந்துவிட்டீர்களா? ஆலங்குளம் ஸ்டாண்டுக்கு இன்னும் ஒரு நிறுத்தம் இருக்கிறது. உட்காருங்கள். அந்த இன்னொரு கையெழுத்தைப் பற்றிச் சொல்லவில்லையே.

கார் வாசலில் நின்றது. அத்தானின் அம்மா ஏறி உட்கார்ந்துவிட்டார். அக்கா பையை எடுத்தவள் அதைக் கீழே வைத்துவிட்டு, அப்பா பக்கத்தில் பெஞ்சில் கிடந்த அட்டையை எடுத்தாள். படித்தாள். என்னிடம் வந்து கையை நீட்டினாள். என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை, அப்புறம் புரிந்தது, பேனாவைக் கொடுத்தேன். சுவரில் அட்டையை வைத்து, அந்தக் கோணல் கையால், பெயர் எழுதும் கட்டத்தில் இடிக்கிற மாதிரி, பேசுனேன் என்பதற்குப் பக்கத்தில் ‘ஆம்’ என்று எழுதினாள். மூடியைப் பேனாவில் மாட்டி என் கையில் வைத்தாள். அட்டையைத் தேதி பார்த்து அதன் இடத்தில் சொருகி, பெட்டியை மூடினாள். பையை எடுத்துக்கொண்டு போய்க் காரில் ஏறினாள்.